லெச்வேர்த் பூங்கா: நீர்வீழ்ச்சிகளும் நடந்து வந்த ஒரு தாயும்

அமெரிக்காவில் ‘மாநிலப் பூங்கா’ என்று சொன்னால், பூக்கன்றுகளும் ஊஞ்சலும் உள்ள நமது ஊர்ச் சிறுவர் பூங்காவை நினைத்துவிடக் கூடாது. காடு, ஆறு, பள்ளத்தாக்கு என்று ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தை மாநில அரசு பொறுப்பெடுத்து, வெட்டவும் விற்கவும் விடாமல் காத்து, எல்லோரும் வந்து பார்க்கத் திறந்து வைத்திருக்கும் இடமே மாநிலப் பூங்கா. அங்கே நடக்கலாம், நீந்தலாம், கூடாரம் அடித்து இரவு தங்கலாம். கோடை விடுமுறையில் சாதாரண உழைப்பாளிக் குடும்பங்கள் அதிக செலவில்லாமல் போய்வரும் இடங்கள் இவை.

நியூயோர்க் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் உள்ள லெச்வேர்த் மாநிலப் பூங்கா இவற்றுள் பேர்பெற்றது. நாங்கள் வாழும் கனடாவின் ரொறன்ரோ நகரிலிருந்து நயாகரா எல்லையைக் கடந்து, காரில் ஏறத்தாழ மூன்று மணித்தியாலப் பயணம். கடந்த ஆடி மாதம் குடும்பமாக இரண்டு இரவுகள் அங்கே தங்கினோம். நீர்வீழ்ச்சி பார்க்கத்தான் போனோம். ஆனால் அந்த நீர்வீழ்ச்சிக்கு மேலேயுள்ள மேட்டில், யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து, பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு நடந்து வந்த ஒரு பெண்ணின் கல்லறை இருக்கிறது. அவளுடைய கதையை நமது சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். முதலில் இடத்தைப் பார்ப்போம்.

ஆறு வெட்டிய பள்ளத்தாக்கு

பூங்காவின் பரப்பு 14,350 ஏக்கர். நீளம் 17 மைல். நடுவே ஜெனெசி என்ற ஆறு ஓடுகிறது. இது வடக்கு நோக்கிப் பாய்ந்து, றொச்செஸ்ரர் நகரில் ஒன்ராறியோ ஏரியில் கலக்கிறது. ரொறன்ரோ நகரம் இருப்பதும் அதே ஏரியின் கரையில்தான்.

பனியுகத்தில் இந்தப் பிரதேசம் முழுவதையும் தடித்த பனிப்பாறைகள் மூடிக் கிடந்தன. பனி உருகிப் பின்வாங்கியபோது, அது விட்டுச் சென்ற மண்ணும் கல்லும் ஆற்றின் பழைய வழியை அடைத்துவிட்டன. வழி அடைபட்ட ஆறு, புதிய வழி தேடிப் பாறையை அறுக்கத் தொடங்கியது. பல்லாயிரம் ஆண்டுகளாக அறுத்து அறுத்து, சில இடங்களில் 600 அடி வரை ஆழமான பள்ளத்தாக்கை உண்டாக்கியிருக்கிறது. மேலே நின்று பார்த்தால் பாறைச்சுவர் அடுக்கடுக்காக, புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போலத் தெரிகிறது.

ஆற்றில் மூன்று பெரிய நீர்வீழ்ச்சிகள். மேல் வீழ்ச்சி, நடு வீழ்ச்சி, கீழ் வீழ்ச்சி என்றே அவற்றுக்குப் பெயர். நடு வீழ்ச்சி 107 அடி உயரம். அருகே நின்றால் பேச்சுக் கேட்காது. முகத்திலும் தலைமயிரிலும் தண்ணீர்த் தூவல் வந்து படியும். வெயில் இருந்தால் தூவலுக்குள் வானவில் தெரியும். மேல் வீழ்ச்சிக்கு நேரே மேலே ரயில் பாலம் ஒன்று பள்ளத்தாக்கைக் கடக்கிறது. 1852 இல் அங்கே மரத்தால் கட்டிய பாலம் 1875 இல் எரிந்துபோனது. உடனே இரும்புப் பாலம் கட்டினார்கள். அது நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. இப்போது இருப்பது 2017 இல் திறந்த வளைவுப் பாலம். நாங்கள் நின்ற நேரம் ஒரு சரக்கு ரயில் போனது. பிள்ளைகள் பெட்டிகளை எண்ணிக் களைத்துப் போனார்கள்.

கீழ் வீழ்ச்சிக்குப் போக, காட்டினூடாக நூற்றுக்கு மேற்பட்ட கற்படிகளில் இறங்க வேண்டும். முழங்கால் நோவுள்ளவர்கள் ஆறுதலாகத்தான் இறங்க வேண்டும். ஏறும்போதுதான் கஷ்டம் தெரியும். ஆற்றின் குறுக்கே சிறிய கற்பாலம் ஒன்று உண்டு. பூங்காவில் மொத்தம் 66 மைல் நீளத்துக்கு நடைபாதைகள் உள்ளன. மூன்று நீர்வீழ்ச்சிகளையும் பார்த்தபடி பள்ளத்தாக்கின் விளிம்பில் செல்லும் பாதை மட்டும் 7 மைல். முழுவதும் நடக்க வேண்டியதில்லை. வாகனத்தை இடையிடையே நிறுத்திக் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தும் பார்க்கலாம். 2021 இல், ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கென்று ஒரு மைல் நீளமான தனிப் பாதையையும் திறந்திருக்கிறார்கள். சத்தத்துக்கும் சனத்துக்கும் மிரளும் பிள்ளைகள் ஒதுங்கி அமர அதில் இடங்கள் உண்டு. அப்படியொரு பிள்ளையை வளர்க்கும் தாய்க்கு இதன் அருமை விளங்கும்.

படிகளையும், கல்மதில்களையும், மரவீடுகளையும், மேசைகளையும் பெரும்பாலும் 1933 தொடக்கம் 1941 வரை வேலையற்ற இளைஞர்களே அமைத்தார்கள். அப்போது அமெரிக்காவில் கடும் பொருளாதார நெருக்கடி. அரசாங்கம் இளைஞர்களைக் காட்டில் முகாம் அமைத்துத் தங்கவைத்து, மாதம் 30 டொலர் சம்பளம் கொடுத்தது. அதில் 25 டொலர் நேரே வீட்டுக்குப் போய்விடும். எத்தனையோ தாய்மார் அந்தப் பணத்தில் அடுப்பு மூட்டினார்கள். ஆனால் அந்தத் திட்டத்தில் ஆண்களை மட்டுமே சேர்த்தார்கள். வேலையற்ற பெண்களுக்கென்று தனியாக மிகச் சில முகாம்களே பிறகு அமைந்தன.

காசு கொடுத்துக் கூடாரம்

முகாம் என்ற சொல்லுக்கு நம்மிடையே வேறு பொருள் உண்டு. அது எங்கள் பயணத்துக்கும் கூடவே வந்தது.

எங்களோடு வந்த என் மாமி கிளிநொச்சிப் பக்கத்தவர். 2008 இன் கடைசியில், விதைத்த வயலை அப்படியே விட்டுவிட்டு வெளிக்கிட்டவர். இடம் மாறி இடம் மாறி முள்ளிவாய்க்கால் வரை போய், 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாமில் ஒரு வருடம் இருந்தவர். பின்னர்தான் எங்களிடம் வந்து சேர்ந்தார். பூங்காவில் கூடாரத்தில் தங்கப் போகிறோம் என்றதும் அவர் என் கணவரைப் பார்த்துக் கேட்டார்:

“காசு குடுத்துத் தறப்பாளுக்கை படுக்கிறதோ தம்பி? நான் ஒரு வருசம் சும்மா படுத்தனான்.”

எல்லோரும் சிரித்தோம். மாமியும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். மரவீட்டில் தங்குவோம் என்று சொல்லிப் பார்த்தோம். மறுத்துவிட்டார். “பிள்ளையள் ஆசைப்படுகுதுகள், நானும் பாப்பம்” என்றார்.

பூங்காவின் வடக்குப் பக்கத்தில், ஏறத்தாழ 270 கூடாரங்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மேசை, நெருப்பு மூட்ட இரும்பு வளையம், கார் நிறுத்த இடம். குளியலறையும் மலசலகூடமும் பொது. குடிதண்ணீர்க் குழாய் கிட்டவே உண்டு. விறகு தூர இடத்திலிருந்து கொண்டு போகக் கூடாது. மரத்தை அரிக்கும் பூச்சிகள் விறகோடு சேர்ந்து பரவும் என்பதால், 50 மைலுக்கு உட்பட்ட விறகையே அனுமதிக்கிறார்கள். அங்கேயே வாங்கினோம். என் கணவர் அரை மணித்தியாலம் ஊதியும் நெருப்புப் பிடிக்கவில்லை. மாமி அவரை எழுப்பிவிட்டு, சிராய்களை மெல்லியதாகப் பிளந்து, காற்று வரும் பக்கம் பார்த்து அடுக்கி, ஒரே குச்சியில் மூட்டினார். பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரப் பெண் வந்து பார்த்துவிட்டு, தன்னுடைய நெருப்பையும் மூட்டித் தரும்படி கேட்டார். அன்றிரவு றொட்டியும், கட்டைச் சம்பலும், ரின் மீன் குழம்பும். ஒரு பங்கு பக்கத்துக் கூடாரத்துக்கும் போனது.

சாப்பிட்ட கையோடு மிச்சத்தையெல்லாம் காரில் வைத்துப் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் இரவில் ரக்கூன் என்ற பிராணி வந்துவிடும். பூனையைவிடச் சற்றுப் பெரியது, கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி போட்டது போல இருக்கும். கள்வன் முகம், கள்வன் குணம். இருட்டியதும் புல்வெளியெங்கும் மின்மினிகள். பிள்ளைகள் ரொறன்ரோவில் இத்தனை மின்மினிகளைக் கண்டதில்லை.

மாமி கூடார வாசலோடு பாயை விரித்தார். இரவு இரண்டு முறை எழும்பி வெளியே போய், கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து படுத்தார். காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது, நித்திரை வரவில்லையா என்று கேட்டேன்.

“நித்திரை வந்தது. சும்மா போய்ப் பாத்தனான். ஒருத்தரிட்டையும் கேக்காமல், சொல்லாமல் வெளியாலை போகலாம், வரலாம். அதுதான் வித்தியாசம். மற்றப்படி தறப்பாள் தறப்பாள்தான்” என்றார்.

இதைவிடத் தெளிவாக அந்த வித்தியாசத்தை யாராலும் சொல்லிவிட முடியாது என்று நினைக்கிறேன். கூடாரம் ஒன்றாக இருக்கலாம். வாசல் யார் கையில் என்பதுதான் கேள்வி.

தண்ணீரும் பெண்களும்

ஆற்றில் இறங்கிக் குளிக்க முடியாது. நீர்வீழ்ச்சியின் கீழே சுழியும் இழுப்பும் உண்டு. பாறை விளிம்புகள் பொருபொருவென்று உடையக்கூடியவை. வேலியைத் தாண்டக் கூடாது என்று எல்லா இடமும் எழுதியிருக்கிறது. அதற்குப் பதிலாக நீச்சல் தடாகம் உண்டு. உயிர்காப்பாளர்கள் கதிரையில் இருந்து கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் அரைவாசிப் பேர் இளம் பெண்கள்.

என் மூத்த மகள் பள்ளிக்கூடத்தில் நீச்சல் பழகியவள். உடலை மூடிய நீச்சல் உடை அணிந்து, தடாகத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய் வந்தாள். நான் கரையில் காலை நனைத்தபடி இருந்தேன். எங்கள் காலத்தில் கடற்கரைக் கிராமத்துப் பெண்பிள்ளைகள்கூட நீந்தப் பழகியதில்லை. தம்பிமார் கேணியிலும் கடலிலும் குதிப்பார்கள். நாங்கள் உடுப்புக் காவலுக்கு நிற்போம். 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்தபோது பல இடங்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகமாக இறந்தார்கள். நீந்தவும் மரம் ஏறவும் பழகாதது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடாதது இன்னொன்று. நீச்சல் ஒரு விளையாட்டு மட்டுமல்ல, சகோதரிகளே. வசதி கிடைக்குமானால், பாதுகாப்பான இடத்தில், பழக்கக்கூடியவரை வைத்து, நமது பெண்பிள்ளைகளுக்கும் பழக்குவோம்.

முதுகில் பிள்ளையோடு ஒரு சிலை

இரண்டாம் நாள், நடு வீழ்ச்சிக்கு மேலேயுள்ள மேட்டில் ஏறினோம். அங்கே பழைய மரக் கட்டடம் ஒன்று நிற்கிறது. இந்த ஆற்றங்கரையின் பழைய குடிகளான செனெக்கா மக்களின் சபை கூடிய வீடு அது. அதற்கு அருகே ஒரு வெண்கலச் சிலை. பழங்குடிப் பெண்ணின் உடையில் இளம் பெண் ஒருத்தி நடந்து வருகிறாள். முதுகில் கட்டியபடி ஒரு கைக்குழந்தை. கீழே அவளுடைய கல்லறை. பெயர் மேரி ஜெமிசன்.

மேரி 1743 இல், அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் புறப்பட்ட கப்பலில், நடுக்கடலில் பிறந்தவர். பெற்றோர் பென்சில்வேனியாவில் காணி திருத்திப் பயிர் செய்தார்கள். 1758 இல் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. இரு பக்கத்திலும் பழங்குடிகள் சேர்ந்து நின்றார்கள். ஒருநாள் காலையில் பிரெஞ்சுப் படையினரும் ஷோனி என்ற பழங்குடி வீரரும் வந்து வீட்டைச் சூழ்ந்தார்கள். குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு காட்டினூடாக நடத்தினார்கள். அன்றிரவு வீரர் ஒருவர் மேரியின் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மான்தோற் செருப்பைப் போட்டுவிட்டார். மகளை உயிரோடு விடப் போகிறார்கள் என்பது தாய்க்கு விளங்கிவிட்டது. உன் பெயரை மறக்காதே, எங்கள் பாஷையை மறக்காதே, தப்பி ஓடப் பார்க்காதே என்று மகளுக்குப் புத்தி சொன்னார். அதன் பிறகு மேரி தாயைக் காணவில்லை. தாயும் தகப்பனும் சகோதரர்களும் கொல்லப்பட்டார்கள். ஆண் சகோதரர் இருவர் மட்டும் தப்பியிருந்தார்கள்.

இன்று பிற்ஸ்பேர்க் நகரம் இருக்கும் இடத்திலிருந்த கோட்டையில், செனெக்காச் சகோதரிகள் இருவரிடம் மேரியை ஒப்படைத்தார்கள். அந்தச் சகோதரிகளும் யுத்தத்தில் தம்பியை இழந்தவர்கள். செத்தவருக்குப் பதிலாக ஒருவரைத் தத்தெடுப்பது செனெக்கா வழக்கம். மேரியை ஆற்றில் குளிக்கவார்த்து, கிழிந்த உடுப்பைத் தண்ணீரில் எறிந்து, புது உடுப்புப் போட்டுவிட்டார்கள். ஊர்ப் பெண்கள் கூடியிருந்து இறந்த தம்பியை நினைத்து ஒப்பாரி வைத்தார்கள். அழுது முடிந்ததும், வந்தவளை வரவேற்று மகிழ்ந்தார்கள். அன்றிலிருந்து அவள் அவர்களுக்குத் தங்கச்சி. ஒரே யுத்தத்தில் இழந்த இரண்டு பக்கத்துப் பெண்கள் ஒரு வீட்டில் உறவாகிப் போனார்கள். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்தச் சிறுமியை யாரும் விருப்பம் கேட்டு அழைத்து வரவில்லை.

மேரி வளர்ந்து, ஷெனிஞ்சி என்பவரை மணம் செய்தார். முதற்பிள்ளை பிறந்து உடனே இறந்துபோனது. அடுத்த ஆண்பிள்ளைக்கு, கொல்லப்பட்ட தகப்பனின் பெயரான தோமஸ் என்பதையே வைத்தார். 1762 அளவில், அந்தப் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான மைல் நடந்து ஜெனெசிக் கரைக்கு வந்தார். சிலை காட்டுவது அந்த நடையைத்தான். பின்னால் வருவதாகச் சொன்ன கணவர் வரவில்லை. நோயில் இறந்துவிட்ட சேதிதான் வந்தது.

மாமி சிலையைச் சுற்றி வந்து பின்பக்கமாக நின்று, குழந்தையைக் கட்டிய விதத்தை வெகுநேரம் பார்த்தார்.

“இடுப்பிலை பிள்ளையை வைச்சால் ஒரு கை போயிடும். இவ கெட்டிக்காரி. ரெண்டு கையையும் மிச்சம் பிடிச்சிருக்கிறா” என்றார்.

மாத்தளனிலிருந்து பேரப்பிள்ளையை இடுப்பில் சுமந்து, மற்றக் கையில் பையோடு நடந்தவர் அவர். சிலை செய்த சிற்பிக்குக்கூட இது தோன்றியிருக்குமோ தெரியாது.

இருபத்தைந்து புசல் சோளம்

மேரியின் கதை அதோடு முடியவில்லை. அவர் ஹியோக்கட்டு என்ற செனெக்கா வீரரை மறுமணம் செய்து, மேலும் ஆறு பிள்ளைகளைப் பெற்றார். செனெக்கா மக்களிடையே பிள்ளை தாயின் குலத்தைச் சேரும். வயல் பெண்களின் பொறுப்பு. தலைவரைத் தெரிவதும் குலத்தின் மூத்த பெண்களே. மட்டக்களப்புப் பக்கத்துச் சகோதரிகளுக்குத் தாய்வழிக் குடி என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. பெண்கள் பிள்ளைகளோடு கூட்டமாக வயலுக்குப் போய், மேற்பார்க்கவும் விரட்டவும் ஒருவரும் இல்லாமல் தங்கள் பாட்டில் வேலை செய்ததை மேரி முதிய வயதில் திருப்தியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

பிறகு அமெரிக்க சுதந்திர யுத்தம் வந்தது. செனெக்கா மக்களில் பெரும்பாலோர் பிரித்தானியர் பக்கம் நின்றார்கள். 1779 இல் ஜோர்ஜ் வோஷிங்டனின் கட்டளைப்படி தளபதி சலிவனின் படை வந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட ஊர்களை எரித்தது. விளைந்து நின்ற சோளத்தை வெட்டி அழித்தது. பழமரங்களையும் தறித்தது. சனங்களைக் கொல்வதைவிட அவர்களுடைய சாப்பாட்டை அழிப்பதே அந்தப் படையெடுப்பின் வழி. காட்டில் ஒளித்திருந்தவர்கள் திரும்பி வந்தபோது, ஒரு பிள்ளைக்குக் கொடுக்கவும் ஊரில் எதுவும் மிஞ்சவில்லை.

மேரி ஒருவரையும் எதிர்பார்க்கவில்லை. இரண்டு சின்னப்பிள்ளைகளை முதுகில் ஏற்றி, மற்ற மூவரையும் பின்னால் நடக்கச் சொல்லி, அன்றிரவே ஆற்றோரமாக வேறிடம் போனார். கார்டோ என்ற அந்தத் தாழ்நிலம், இன்றைய பூங்காவின் நடுப்பகுதியில் இருக்கிறது. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த கறுப்பின ஆண்கள் இருவர் அங்கே ஒரு குடிசையில் இருந்தார்கள். அவர்களுடைய சோளம் மட்டும் படையின் கண்ணில் படாமல் நின்றது. மேரி சோளம் உரித்துக் கொடுக்கும் வேலையைப் பங்குக்கு எடுத்தார். பத்துக் கோவைக்கு ஒரு கோவை கூலி. இப்படி அவர் உழைத்துச் சேர்த்தது 25 புசல் சோளம். அந்த மாரியில் பனி ஆளுயரத்துக்குக் கொட்டி, காட்டு மான்களே பசியில் செத்தன. மேரியின் பிள்ளைகள் பிழைத்தார்கள். ஒரு தப்பியோடிய அடிமை, பிடிபட்டு வந்த பெண்ணுக்கு வேலை கொடுக்கிறான். அந்த வேலை ஐந்து பிள்ளைகளைக் காக்கிறது. அரசர்களும் தளபதிகளும் நடத்திய யுத்தத்துக்கு நடுவே சாதாரண சனங்கள் செய்துகொண்டது இது.

யுத்தம் முடிந்ததும், விரும்பினால் வெள்ளையரிடம் திரும்பிப் போகலாம் என்று மேரிக்குச் சொன்னார்கள். அவர் போகவில்லை. மூத்த மகனை விட செனெக்காத் தலைவர்கள் சம்மதிக்கவில்லை. தன் பிள்ளைகளைச் சொந்தக்காரர் மதிப்பார்களா என்ற பயமும் அவருக்கு இருந்தது. 1797 இல் செனெக்கா மக்கள் தங்கள் நிலத்தில் பெரும்பகுதியை விற்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட நேர்ந்தபோது, எதிர்ப்புக்கு நடுவிலும் தன்னுடைய காணிக்கு எல்லையைத் தானே சொல்லி உறுதி பெற்றுக்கொண்டார். அளந்தபோது அது 17,927 ஏக்கர் வந்தது.

பெரிய வெற்றிக் கதை என்று இதை முடித்துவிட முடியாது. சாராயமும் பகையும் அந்த வீட்டுக்குள் வந்தன. 1811 இலும் 1812 இலும் அவருடைய மகன் ஒருவனே மற்ற இரு மகன்மாரையும் கொன்றான். 1817 இல் அவனும் கொலையுண்டான். யுத்தம் முடிந்த பின்னும் வீட்டுக்குள் தொடரும் யுத்தம் நமக்கும் தெரியாததல்ல. காணியும் சிறிது சிறிதாகக் கைமாறியது. 1831 இல் பஃபலோ நகருக்கு அருகிலிருந்த செனெக்காக் குடியிருப்புக்குப் போய், 1833 இல் அங்கே கண்ணை மூடினார்.

யாருடைய நிலம்?

இந்த ஆற்றங்கரையை 1859 தொடக்கம் வாங்கிக் காத்தவர் வில்லியம் பிறையர் லெச்வேர்த் என்ற பஃபலோ வியாபாரி. அநாதைப் பிள்ளைகளுக்கும் மனநோயாளருக்கும் நல்ல பராமரிப்புக் கிடைக்க உழைத்தவர். ஆயிரம் ஏக்கரை 1906 இல் மாநிலத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார். அதுவே பூங்காவின் தொடக்கம். மேரியின் பேரப்பிள்ளைகள் கேட்டபடி, குலைந்துபோயிருந்த பழைய மயானத்திலிருந்து அவருடைய எச்சங்களைக் கொண்டுவந்து 1874 இல் இங்கே அடக்கம் செய்தவரும் அவரே. சிலை 1910 இல் வந்தது. மகள் நான்சிக்காக மேரி கட்டிய மரக்குடிசையும் அருகே நிற்கிறது.

நல்ல மனிதர் ஒருவர் காத்தார், உண்மை. ஆனால் அவர் வாங்குவதற்கு முன் அந்த நிலம் ஒரு சனத்தின் வயலாகவும் ஊராகவும் இருந்தது என்பதும் உண்மை. அழகான காட்சி என்று நாம் படம் எடுக்கும் இடம், ஒரு காலத்தில் யாரோ அழுதுகொண்டு விட்டுப்போன இடமாக இருக்கலாம். செனெக்கா மக்கள் மறைந்துவிடவில்லை. நியூயோர்க் மாநிலத்தின் மேற்கில் இன்றும் தங்கள் சிறு நிலப்பரப்புகளில் வாழ்கிறார்கள்.

சொன்னதால் மிஞ்சியது

இத்தனையும் நமக்கு எப்படித் தெரியவந்தது? 1823 இல், எண்பது வயதளவில், மேரி சில மைல் தூரம் நடந்து ஒரு வீட்டுக்குப் போய், மூன்று நாட்கள் இருந்து தன் கதையைச் சொன்னார். அவர் எழுதவில்லை, சொன்னார். ஜேம்ஸ் சீவர் என்ற வைத்தியர் கேட்டு எழுதினார். அடுத்த ஆண்டு அது புத்தகமாக வந்தது. எழுதியவர் தன் கருத்தையும் இடையிடையே கலந்துவிட்டார் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். நம்முடைய கதையை இன்னொருவர் எழுதும்போது அந்த ஆபத்து எப்போதும் உண்டு.

ஆனாலும் அவர் சொன்னதால்தான் மான்தோற் செருப்பும், சோளக் கோவையும், முதுகுப் பிள்ளையும் மிஞ்சின. அவரைத் தத்தெடுத்த சகோதரிகளுக்குச் சிலை இல்லை. சோளம் கொடுத்த அந்த இருவருக்கும் சிலை இல்லை. அவர்கள் தங்கள் கதையைச் சொல்ல ஒருவரும் வந்து கேட்கவில்லை.

நம்மில் ஒவ்வொருத்தியிடமும் இப்படிக் கதை உண்டு. எந்தப் பாதையால் நடந்தோம், எதைக் கையில் எடுத்தோம், எதை விட்டோம், யார் ஒரு பிடி அரிசி தந்தார்கள், எந்தக் காணிக்கு எது எல்லை. எழுத வராவிட்டால் சொல்லலாம். பிள்ளையிடம், பேத்தியிடம், மாதர் சங்கத்தில் பக்கத்தில் இருக்கும் தோழியிடம் சொல்லலாம். எழுதத் தெரிந்தவர்கள், சொல்பவர் சொன்ன சொல்லையே மாற்றாமல் எழுதி வைக்கலாம். எண்பது வயதிலும் அது பிந்திய காரியம் அல்ல. உயிர்தப்பிய நேரம் இரண்டு கையும் பிள்ளையைக் காக்கத் தேவைப்பட்டன. இப்போது ஒரு கையைக் கொஞ்சம் ஒதுக்கிப் பேனை பிடிப்போம்.